வடசென்னை வீட்டில் ஷவர் வேலை: நாமே செய்துகொள்ள முழுமையான வழிகாட்டி

ஷவரில் தண்ணீர் சரியாக வரவில்லை என்றால் பெரும்பாலோர் கடைக்குப் போய்ப் பெரிய ரோஸாக (தண்ணீர் பொழியும் துளைத் தலை) பார்த்து வாங்கி வந்து மாட்டுவார்கள். மாட்டிய பிறகு முன்பைவிட மோசமாகச் சொட்டும். வடசென்னை வீடுகளில் ஷவரின் தலையெழுத்தை எழுதுபவை இரண்டு: மொட்டை மாடித் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதில் ஏற்றும் தண்ணீர் எப்படிப்பட்டது. இவற்றைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தால் பாதி வேலைக்கு பிளம்பரே தேவைப்படாது. மீதிப் பாதியில் எந்த இடத்தில் நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

உயரக் கணக்கு

தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் கிடைப்பது உயரத்தால்தான். தொட்டியில் இருக்கும் நீர்மட்டத்துக்கும் ஷவர் ரோஸுக்கும் இடையே 10 மீட்டர் உயரம் இருந்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). இதுதான் மொத்தக் கணக்கும். குழாய் எவ்வளவு நீளம், தொட்டி 500 லிட்டரா 1000 லிட்டரா என்பதெல்லாம் இதில் சேராது.

தரைத்தளம் மட்டும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தளம் 10 அடி உயரம். தொட்டியை மொட்டை மாடித் தரையிலேயே வைத்திருக்கிறார்கள். பாதி தண்ணீர் இருந்தால் நீர்மட்டம் 12 அடி, ரோஸ் 7 அடி. வித்தியாசம் 5 அடி, அதாவது ஒன்றரை மீட்டர். அழுத்தம் 0.15 பார். கடையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மின்னும் மழை ஷவர்களின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். குறைந்தபட்ச அழுத்தம் என்று அரை பார், ஒரு பார் என எழுதியிருக்கும். நம் 0.15 பாரில் அது மழை பெய்யாது, கண்ணீர்தான் விடும்.

அதே தெருவில் தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டின் கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு இன்னொரு 10 அடி கூடுதலாகக் கிடைக்கும். அவருக்கு அரை பாரை ஒட்டி வரும். அதனால்தான் மேல் வீட்டுக்காரர் புலம்புவார், கீழ் வீட்டுக்காரர் சுகமாகக் குளிப்பார். கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு உண்மையான தீர்வு இரண்டுதான்: தொட்டியை இரும்பு ஸ்டாண்டு அல்லது செங்கல் மேடை கட்டி நான்கைந்து அடி ஏற்றுவது, இல்லையென்றால் தொட்டிக்குக் கீழே சின்ன பிரஷர் பம்ப் போடுவது. ஸ்டாண்டு என்றால் பாரத்தை மறக்க வேண்டாம்: 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. பழைய மெட்ராஸ் டெர்ரஸ் கூரை (மரச்சட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்தது) உள்ள வீடு என்றால் சுவருக்கு நேர் மேலே உட்காரும்படி வைக்க வேண்டும். கட்டடம் தெரிந்தவரைக் கேட்காமல் அந்தக் கூரையில் எதையும் ஏற்றாதீர்கள். பம்ப் என்றால் அது தொட்டியிலிருந்து வரும் லைனில் மட்டும். மெட்ரோ வாட்டர் இணைப்பில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுவது விதிமீறல். அடுத்த வீட்டு அடிபம்பில் அப்புறம் காற்றுதான் வரும்.

இன்னொரு சோதனையும் உண்டு, செலவே இல்லை. ரோஸைக் கழற்றிவிட்டு, சுவரிலிருந்து ரோஸ் வரை நீளும் குழாயான ஆர்மிலிருந்து மட்டும் தண்ணீரை ஒரு வாளியில் பிடியுங்கள். 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் லைன் நன்றாக இருக்கிறது, அடைப்பு ரோஸில். நிறையவில்லை என்றால் ரோஸ் மாற்றிப் பயனில்லை. கேட் வால்வு, குழாய் அடைப்பு, காற்று அடைப்பு என்று மேலே போய்த் தேட வேண்டும். தொட்டி முழுக்கக் காலியாகி, மறுபடி மோட்டார் போட்ட பிறகு திடீரென்று ஒரு குளியலறையில் மட்டும் தண்ணீர் வராமல் போனால் அது அநேகமாகக் காற்று அடைப்பு. அந்த லைனின் எல்லாக் குழாய்களையும் சேர்த்துத் திறந்து சற்று நேரம் விடுங்கள். அடிக்கடி வந்தால் தொட்டியை விட்டு வெளியே வரும் இடத்தில், வால்வைத் தாண்டி ஒரு டீ (மூன்று வாய் உள்ள T வடிவ இணைப்பு) போட்டு, தொட்டியின் மேல்விளிம்பைவிட உயரமாக ஒரு காற்றுக்குழாய் நிறுத்தினால் தீரும்.

உப்பும் கடல்காற்றும்

மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலையில் கடல்நீரைக் குடிநீராக்கி வடசென்னைக்கு அனுப்புகிறார்கள். அந்த மாதிரி குழாய்த் தண்ணீரை மட்டும் தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் பிடித்து ஏற்றும் வீட்டில் ரோஸ் அவ்வளவு சீக்கிரம் அடைக்காது. ஆனால் பல வீடுகளில் குளிக்க, துவைக்கப் போர் தண்ணீர்தான், அல்லது இரண்டும் கலந்து. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரையை ஒட்டிப் போகப் போகப் போரில் உப்பும் கடினத்தன்மையும் கூடும். ரோஸின் துளைகளில் வெள்ளையாகப் பூத்து நிற்பது அந்தச் சுண்ணாம்புதான்.

கடல்காற்று அடிக்கும் பகுதியில், காசிமேடு, இராயபுரம் பக்கமெல்லாம், பளபளப்பான மலிவு ஆர்ம்கள் இரண்டாம் வருடமே பொரிந்துவிடும். மேலே குரோம், உள்ளே துத்தநாகக் கலவை. வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், பித்தளை கனக்கும். ஆர்ம் பித்தளையிலோ 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ இருக்கட்டும். ரோஸ் மட்டும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில், துளைகளில் ரப்பர் முனை வைத்ததாக வாங்குங்கள். என்னைக் கேட்டால் இந்த ஊர்த் தண்ணீருக்கு அதுதான் பொருத்தம்: விரலால் தேய்த்தாலே சுண்ணாம்பு உதிர்ந்துவிடும். பார்க்க கௌரவமாக இல்லை என்பார்கள், இருக்கட்டும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், ஒரு பைப் ரெஞ்ச், ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, அலன் கீ செட், மரையில் கசியாமல் இருக்கச் சுற்றும் டெஃப்லான் டேப், அரை இன்ச் எண்ட் பிளக் இரண்டு, பழைய துணி. எண்ட் பிளக்கைப் பலரும் வாங்குவதில்லை. ஆர்மைக் கழற்றிய பிறகு சாமான் பொருந்தவில்லை என்றால் அந்த ஓட்டையை மூடிவிட்டு வீட்டுக்குத் தண்ணீரைத் திறந்துவிட அது ஒன்றுதான் வழி.

சின்னச் சாமான்களுக்குத் தெருமுனை ஹார்டுவேர் கடை போதும். வகை பார்த்து, நாலு கடை ஏறி இறங்கி வாங்க வேண்டும் என்றால் பாரிமுனை செம்புதாஸ் தெரு. எங்கே போனாலும் கழற்றிய பழைய பொருளைக் கையோடு கொண்டு போங்கள். “அண்ணே, இதே மாதிரி ஒண்ணு” என்று மேஜையில் வைத்தால் வேலை முடிந்தது. வாயால் விளக்கினால் “எந்த மாடல் சார், எந்தக் கம்பெனி” என்று நிறுத்திவிடுவார்.

தண்ணீரை நிறுத்துவது

குளியலறைக்கு என்று தனி வால்வு இருந்தால் அதை மூடுங்கள். இல்லையென்றால் மொட்டை மாடியில் தொட்டிக்கு அடியில் இருக்கும் கேட் வால்வு. பல வருடமாகத் தொடாத வால்வு உப்பில் இறுகியிருக்கும். பைப் ரெஞ்ச் போட்டு முறுக்கினால் தண்டு உடைந்து வேலை பத்து மடங்காகும். கால் சுற்று மூடி, கால் சுற்று திறந்து, மெல்ல மெல்ல அசைத்துப் பாருங்கள். அப்படியும் முழுதாக மூடவில்லை என்றால் தொட்டி காலியாகும் வரை காத்திருந்து வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சுவிட்ச் மேல் ஒரு காகிதம் ஒட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் மோட்டார் போடுவார்.

ஹவுசிங் போர்டு குடியிருப்பு, அபார்ட்மெண்ட் என்றால் ஒரே லைனில் மேலும் கீழும் ஆட்கள் இருப்பார்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கீசர் இருந்தால் அதன் எம்சிபியை (மின்பலகையில் உள்ள தனி சுவிட்ச்) இறக்கிவிட்டுத்தான் எந்த வேலையும்.

ரோஸ் சுத்தம்

ரோஸைக் கையாலேயே கழற்றலாம். வராவிட்டால் துணி சுற்றி ஸ்பேனர் போடுங்கள். கழற்றியதும் உள்ளே பாருங்கள்: ஒரு ரப்பர் வாஷர், ஒரு வலை, சில ரோஸ்களில் நடுவே சின்ன ஓட்டையுடன் ஒரு பிளாஸ்டிக் வில்லை. வலையில் மணலும் துருவும் நிற்கும், கழுவுங்கள். அந்த வில்லை தண்ணீரைக் குறைப்பதற்காக வைத்தது. அழுத்தம் மிகுந்த இடத்துக்குச் சரி, நம் தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டுக்கு அதை எடுத்துவிட்டாலே பாதி குறை தீர்ந்துவிடும்.

சுண்ணாம்புக்கு வினிகர், அல்லது கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரில். பிளாஸ்டிக் ரோஸை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிடலாம். குரோம் பூச்சு உள்ளதை அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பூச்சு கறுத்து உரிந்துவிடும். அதைவிட முக்கியம், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். வெளியாவது குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

ஆர்ம் மாற்றுவது

வீட்டில் செய்யும் ஷவர் வேலைகளில் அதிகம் சொதப்புவது இதுதான், எனவே நிதானமாக.

ஆர்மின் சுவர்ப்பக்கம் இருக்கும் வட்டத் தகட்டை முன்னால் தள்ளுங்கள். ஆர்மை இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். கையால் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் பைப் ரெஞ்சைச் சுவருக்கு மிக அருகில் பிடித்து, ஒரே இழுப்பாக இல்லாமல் சிறிது சிறிதாக. இங்கே சுவருக்குள் என்ன குழாய் என்பது தெரிய வேண்டும். பத்துப் பதினைந்து வருடத்துக்குள் கட்டிய குளியலறை என்றால் பெரும்பாலும் சந்தன நிற சிபிவிசியும் (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்), முனையில் பித்தளை மரை வைத்த எல்போவும் (குழாயை வளைக்கும் இணைப்பு) இருக்கும். ஆர்ம் திரும்பும்போது சுவருக்குள் அந்த எல்போவும் சேர்ந்து திரும்புவதுபோல் தோன்றினால், அதாவது டைல்ஸ் விளிம்பில் சிமெண்ட் உதிர்ந்தால், உடனே நிறுத்துங்கள். பழைய வண்ணாரப்பேட்டை, இராயபுரம் பக்கப் பழைய வீடுகளில் ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இருக்கும். மரை துருவேறி அரித்திருந்தால் ஆர்ம் பாதி வெளியே, பாதி உள்ளே என்று முறிந்துவிடும். அப்படி முறிந்ததை எடுக்கத் தனிக் கருவி வேண்டும். அது பிளம்பர் வேலை.

ஆர்ம் நல்லபடியாக வந்துவிட்டால் உள்மரையில் ஒட்டியிருக்கும் பழைய டேப், சணல் எல்லாவற்றையும் பல்துலக்கியால் எடுங்கள். விரலை விட்டு மரை எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ் ஒட்டிய குளியலறைகளில் மரை உள்ளே போயிருக்கும். ஆர்ம் இரண்டு சுற்றுக்கு மேல் பிடிக்காது. அதற்கு எக்ஸ்டென்ஷன் நிப்பிள் என்ற மரை வைத்த குட்டைக் குழாய் அரை இன்ச், ஒரு இன்ச் என்று பல நீளத்தில் விற்கிறது. ஆழத்தை ஒரு குச்சியால் அளந்து வாங்குங்கள்.

இனி டேப். ஆர்மின் மரைமுனை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் ஓடும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். மெல்லிய வெள்ளை டேப் என்றால் பத்துப் பன்னிரண்டு சுற்று, மரையின் வடிவம் வெளியே தெரியும் அளவுக்கு இழுத்து. முதல் மரையில் கொஞ்சம் இடம் விடுங்கள், பிசிறு தண்ணீரோடு போய் ரோஸை அடைக்காமல் இருக்கும். பழைய பிளம்பர்கள் சணலும் பெயிண்ட்டும் வைப்பார்கள். ஜிஐ குழாய்க்கு அது அருமையான வேலை. பிளாஸ்டிக் மரைக்குள் அப்படித் திணித்தால் எல்போ பிளந்துவிடும்.

வட்டத் தகட்டை மறக்காமல் முதலில் மாட்டிவிட்டு, கையால் முடிந்தவரை முறுக்கி, பிறகு துணி சுற்றிய ரெஞ்சால் ஒன்று, ஒன்றரைச் சுற்று. ஆர்ம் நேராகக் கீழே பார்த்து நிற்க வேண்டும். கொஞ்சம் தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பி நேராக்காதீர்கள். டெஃப்லான் ஒருமுறை தளர்ந்தால் கசியும். இன்னொரு சுற்று தாங்கும் என்றால் முறுக்குங்கள், தாங்காது என்றால் முழுக்கக் கழற்றிப் புது டேப் சுற்றி மறுபடி. ரோஸ் மாட்டும் பக்கம் ரப்பர் வாஷர் இருந்தால் அதுவே தண்ணீரைப் பிடிக்கும்; கையால் இறுக்கினால் போதும்.

மூடிய பிறகும் சொட்டினால்

ஷவரை மூடிய பிறகு சில நிமிடம் சொட்டுவது ஆர்மிலும் ரோஸிலும் தங்கிய தண்ணீர்தான். அரை மணி கழித்தும் சொட்டினால் பார்க்க வேண்டியது ரோஸை அல்ல, ஷவரைத் திறந்து மூடக் கீழே இருக்கும் திருகுக் குழாயை. கடையில் இதைக் காக் என்பார்கள்.

பல சுற்று திருப்பும் பழைய காக் என்றால் உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். தண்ணீரை நிறுத்தி, காக்கைத் திறந்து மிச்சத்தை வடியவிடுங்கள். தரையில் இருக்கும் ஜாலியைத் துணியால் மூடுங்கள், ஸ்க்ரூ அதற்குள் விழுந்தால் கதை முடிந்தது. கைப்பிடி மேல் உள்ள சிவப்பு, நீல வில்லையை நெம்பி எடுத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, கைப்பிடியை இழுங்கள். சுண்ணாம்பு பிடித்து வரவில்லையா, வினிகரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் சுற்றி வையுங்கள். பிறகு ஸ்பேனரால், கைப்பிடியோடு திரும்பும் தண்டான ஸ்பிண்டிலைக் கழற்றி, அடியில் உள்ள வாஷரை மாற்றி, வந்த வரிசையிலேயே திருப்பிப் பூட்டுங்கள். வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புது வாஷரும் சில வாரம்தான்.

கால் சுற்றில் திறக்கும் காக் என்றால் உள்ளே செராமிக் தகடுகள். லாரித் தண்ணீரோடு சம்ப்பில் சேரும் மணல் அவற்றைக் கீறிவிடும். அதைப் பழுதுபார்க்க முடியாது, ஸ்பிண்டிலை மொத்தமாக மாற்ற வேண்டும். வெந்நீர்ப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் எதிரெதிர்த் திசையில் திறக்கும் மாடல்கள் உண்டு, எனவே எந்தப் பக்கத்தில் கழற்றினீர்கள் என்பதையும் கடையில் சொல்லுங்கள்.

வாடகை வீட்டுக்கு

சுவரைத் தொடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். வாளிக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு வழிக் காக் ஒன்றை மாட்டுங்கள். ஒரு வாய் வாளிக்கு, இன்னொன்றில் ஒன்றரை மீட்டர் ஹோஸும் கை ஷவரும். ஒட்டும் கொக்கிகள் ஈரத்தில் நிற்பதில்லை, எனவே ஜன்னல் கம்பியில் தொங்கவிட ஏதாவது வழி பாருங்கள். கடைசி மாடிக்காரர்களுக்கு இதில் ஒரு லாபம்: கை ஷவரை இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் அழுத்தம் கூடும். வீடு மாறும்போது பழைய குழாயை மாட்டிவிட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

சுவருக்குள் கசிவு, புது லைன்

குளியலறையின் மறுபக்கச் சுவரில் பெயிண்ட் உப்பி உரிந்தால் இரவு எல்லாக் குழாயையும் மூடி, தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் அழுத்தத்தில் இருக்கும் குழாய் கசிகிறது. இறங்கவில்லை என்றால் குற்றவாளி அநேகமாகத் தரை, கழிவுநீர்க் குழாய், டைல்ஸ் இடுக்கு இவற்றில் ஒன்று. அதற்குச் சுவரை உடைத்துப் பயனில்லை.

வெளியே ஓடும் சிபிவிசியை ஒட்டுவதைப் பழகிக்கொள்ளலாம். முதலில் ஒரு விஷயம்: அரை இன்ச் சிபிவிசியும் அரை இன்ச் யுபிவிசியும் (குளிர்ந்த தண்ணீருக்கான பிளாஸ்டிக் குழாய்) ஒன்றுக்குள் ஒன்று போகாது. முன்னதின் வெளிவிட்டம் 15.9 மில்லிமீட்டர், பின்னது 21.3. இரண்டையும் சேர்க்க மரை வைத்த அடாப்டர்கள் வேண்டும். வெந்நீர் லைனில் யுபிவிசி கூடவே கூடாது, இளகி வளைந்துவிடும்.

குழாயை நேராக வெட்டி, விளிம்புப் பிசிறைக் கத்தியால் சீவி, துணியால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். மேல் வால்விலிருந்து சொட்டு வந்துகொண்டிருந்தால் கீழே ஒரு குழாயைத் திறந்து வைத்து அந்தப் பக்கம் வடியவிடலாம். ஈரத்தில் சால்வெண்ட், அதாவது குழாய் ஒட்டும் பசை, பிடிக்காது. ஒட்டாமல் ஒருமுறை செருகிப் பார்த்து, எவ்வளவு ஆழம் என்று குறியுங்கள். சிபிவிசிக்கான சால்வெண்டைக் குழாயின் வெளியே தாராளமாகவும் ஃபிட்டிங்கின் உள்ளே மெல்லியதாகவும் தடவி, செருகி, கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் பின்னால் தள்ளிக்கொண்டு வரும். காய எவ்வளவு நேரம் என்பது டப்பாவிலேயே இருக்கும். முடிந்தால் ஓர் இரவு விட்டுவிடுங்கள். சால்வெண்ட் தீப்பிடிக்கும், கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். வெயில் படும் மொட்டை மாடிக் குழாய்க்கு வெள்ளை பெயிண்ட் அடித்தால் ஆயுளும் கூடும், கத்திரி வெயிலில் ஷவரைத் திறந்ததும் சுடுதண்ணீர் தலையில் கொட்டுவதும் கொஞ்சம் குறையும்.

புதிதாக லைன் இழுப்பதென்றால் சுவரில் காடி (குழாய் பதிக்க வெட்டும் பள்ளம்) எடுப்பதைக் கொத்தனாரிடம் விடுங்கள். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய சுவர் என்றால் காடியே வேண்டாம், வெளியே கிளாம்ப் போட்டு ஓட்டுங்கள். அளவுகள் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். ரோஸ் ஏழடி, வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர் குழாய் மூன்று முதல் மூன்றரை அடி. சுவர் மிக்சர் என்றால் இரண்டு வாய்க்கும் நடுவே 6 இன்ச், இடப்பக்கம் வெந்நீர். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒரு இன்ச், குளியலறைக்குள் முக்கால், ஷவருக்கு மட்டும் கடைசியில் அரை. அழுத்தம் குறைந்த வீட்டில் தொடக்கத்திலேயே அரை இன்ச் போடுவதுதான் நிறையப் பேர் செய்கிற தப்பு. எல்போவின் வாய் டைல்ஸ் ஒட்டிய பிறகு வரும் முகத்தோடு சமமாக வர வேண்டும். பூச்சு, டைல்ஸ், ஒட்டுக்கலவை மூன்றின் கனத்தையும் கூட்டிச் சொன்னால்தான் கொத்தனார் சரியாக வைப்பார்.

கீசரின் மின்சார வேலை எலக்ட்ரீஷியனுக்கு, பேச்சே இல்லை. எர்த்தும் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று அவரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கீசருக்குள் தண்ணீர் போகும் வாயில் உள்ள சேஃப்டி வால்விலிருந்து சூடாகும்போது கொஞ்சம் சொட்டும். எரிச்சலில் அதன் வாயை அடைத்துவிடாதீர்கள், உள்ளே ஏறும் அழுத்தம் வெளியேற இருக்கும் வழி அது.

காடியை மூடும் முன் எல்லா வாயிலும் எண்ட் பிளக் போட்டு, தொட்டித் தண்ணீரைத் திறந்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். கையால் அடிக்கும் டெஸ்ட் பம்ப் பிளம்பரிடம் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் அளவு டேப்பைச் சுவரில் வைத்து, குழாய் ஓடும் பாதையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்குக் கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது உதவும். பிறகு மூடி, டைல்ஸ் ஒட்டி, அது இறுகியதும் எண்ட் பிளக்கைக் கழற்றி, ரோஸ் இல்லாமல் ஆர்மை மட்டும் மாட்டித் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். குழாய்ச் சீவல், சிமெண்ட், மணல் எல்லாம் வாளிக்குள் வந்து தெளிந்த தண்ணீர் விழ ஆரம்பித்த பிறகு ரோஸை மாட்டலாம்.